தண்ணீருக்குள் இறங்கும் கமரா

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து செய்தி அனுப்பும் இளம் நிருபர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். கட்டிவந்த சீட்டு அவருக்கு விழுந்திருக்கிறது. அந்தக் காசுக்குப் பாவித்த நிலையிலுள்ள உயர்ரக டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றை வாங்கலாம். அல்லது தண்ணீரில் விழுந்தாலும் தரையில் விழுந்தாலும் தாக்குப்பிடிக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் சிறிய கமரா ஒன்றைப் புதிதாக வாங்கலாம். இரண்டுக்கும் காசு போதாது. "பெரியதை வாங்கினால் கூட்டங்களில் முன்னுக்கு விடுவார்கள் சேர். சின்னதை வாங்கினால் மாரியில் வேலை செய்யலாம்" என்றார்.

கேள்விக்குள்ளேயே பாதி விடையை அவர் வைத்திருந்தார். நான் புகைப்படக் கலைஞன் அல்லன். பிறர் எடுத்தனுப்பிய படங்களைச் செய்தி மேசையில் இருந்து பெற்று, வெட்டி, பக்கத்தில் வைத்து, கீழே இரண்டு வரி எழுதியே காலத்தைக் கழித்தவன். ஆகையால் எனது அபிப்பிராயம் ஒரு கமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தவனுடையது என்பதைவிட, வந்து சேர்ந்த படங்களையும் வராமற்போன படங்களையும் பார்த்தவனுடையது. எந்தக் கமரா நிறுவனத்துக்கும் நான் முகவரும் அல்லன்.

வராமற்போன படங்களிலிருந்தே தொடங்குகிறேன். 2011 சனவரியில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியபோது நாடு முழுவதிலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். அந்த நாட்களில் எமது மேசைக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை வீதியில் நின்று எடுத்தவை. வீதி எங்கே முடிந்ததோ, கமராவும் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தோணியிலும் உழவு இயந்திரத்திலும் நெஞ்சளவு நீரிலும் சென்ற நிருபர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்டதையெல்லாம் எழுதி அனுப்பினார்கள், படம் அனுப்பவில்லை. காரணம் கேட்டால், கடன்பட்டு வாங்கிய கமராவைப் பொலித்தீன் பையில் சுற்றி வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கமரா பழுதடைந்தால் அந்த வீட்டில் ஆறு மாத வருமானம் போய்விடும்.

டி.எஸ்.எல்.ஆர். பற்றி நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கருதவேண்டாம். நிக்கோன் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட டி850 ஐ எடுத்துக்கொள்வோம். 45.7 மெகாபிக்சல்; 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள சென்சர்; ஒருமுறை மின்னேற்றினால் நிறுவனத்தின் அளவீட்டின்படி 1840 படங்கள். கண்ணாடியினூடாக நேரடியாகக் காட்சியைப் பார்க்கலாம். செய்திப் படப்பிடிப்பு என்ற தொழிலுக்கு இதனிலும் மேலான கருவிகள் மிகச் சிலவே செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் மின்கலத்துடன் அதன் எடை ஒரு கிலோகிராமைத் தாண்டும். தரமான தொலைநோக்கு லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் கழுத்தில் தொங்குவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ.

இத்தகைய கமராக்களுக்கு மழை தாங்கும் சக்தி உண்டு என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஓரளவுக்கு. பொத்தான்களைச் சுற்றியும் மூடிகளைச் சுற்றியும் இறப்பர் அடைப்பு இருக்கும். தூறலையும் தூசியையும் அது தடுக்கும். ஆனால் எத்தனை அடி ஆழத்தில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் அதற்கு இல்லை. பொருத்துகின்ற லென்ஸும் அடைப்புள்ளதாக இருந்தாலன்றி உடலில் உள்ள அடைப்பினால் பயனும் இல்லை. எமது நிருபர்கள் வாங்கக்கூடிய விலையிலுள்ள 50 மில்லிமீற்றர் லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த அடைப்பு இல்லாதவை. தோணி ஒருமுறை ஆடினால் போதும்.

மறுபக்கத்தில் இருப்பது, ஒலிம்பஸ் நிறுவனத்தின் வழிவந்த ஓ.எம். சிஸ்டம் 2023 இல் வெளியிட்ட டி.ஜி.-7 போன்ற கருவி. எடை 249 கிராம். சட்டைப் பையில் கிடக்கும். 15 மீற்றர் ஆழம் வரை நீர் புகாது, 2.1 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்பது நிறுவனத்தின் கூற்று. தண்ணீருக்குள் இறங்கும் கமரா புதிய விடயமன்று. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஷாக் கூஸ்தோவின் தேவைக்காக பெல்ஜியப் பொறியியலாளர் ஒருவர் வடிவமைத்த கலிப்சோ என்ற கமராவைத் தழுவி, நிக்கோன் 1963 இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அந்த வரிசை 2001 வரை நீடித்தது. சுழியோடிகளுக்காகச் செய்யப்பட்ட அதனை வியட்நாம் போரின் மழையிலும் சேற்றிலும் செய்திப் படப்பிடிப்பாளர்கள் பாவித்தார்கள். பிலிம் யுகத்தின் மனிதர்களுக்குத் தெரிந்திருந்த ஒன்றை நாம் இடையில் மறந்துவிட்டோம் போலும்.

"ஆனால் அதன் படம் நன்றாயிராதே" என்பது உடனே எழும் ஆட்சேபம். அளவை வைத்துப் பார்த்தால் ஆட்சேபம் நியாயமானதே. டி850 இன் சென்சர் ஒரு தபால் முத்திரையளவு; இந்தச் சிறிய கமராவின் சென்சர் ஓர் உழுந்து மணியிலும் சற்றே பெரிது. பரப்பளவில் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று. ஒளி குறைந்த இடத்தில் இந்த வித்தியாசம் ஈவிரக்கமின்றித் தெரியும். படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். கறுப்புத் தலைமுடியும் கறுப்புப் பின்னணியும் ஒன்றாகிவிடும்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் பத்திரிகைத் தாளில் அச்சாகும்போது கணக்கு வேறு. செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 200 புள்ளிகள் கிடைத்தால் தாராளம். டி.ஜி.-7 தருவது 12 மெகாபிக்சல், அதாவது 4000 புள்ளிக்கு 3000 புள்ளி. அதை 200 ஆல் வகுத்தால் 20 அங்குலத்துக்கு 15 அங்குலம். எமது பெரிய அளவுப் பத்திரிகைகளின் பக்க அகலமே 20 அங்குலம் வராது. நிக்கோன் 1999 இல் வெளியிட்ட டி1 வெறும் 2.7 மெகாபிக்சல் கொண்டது. உலகெங்கும் பத்திரிகைகளின் முன்பக்கங்கள் அதில் எடுத்த படங்களுடன் வெளிவந்தன. அவற்றைப் பார்த்து எவரும் முகஞ்சுளித்ததாக எனக்கு ஞாபகமில்லை. இன்று பெரும்பாலானோர் படத்தைப் பார்ப்பது உள்ளங்கையளவு திரையில். 45 மெகாபிக்சலை அங்கே யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

மெக்னம் அமைப்பைச் சேர்ந்த இத்தாலியப் படப்பிடிப்பாளர் அலெக்ஸ் மயோலி 2003 இல் ஈராக்கிலும் கொங்கோவிலும் ஒலிம்பஸ் சி-5050 என்ற 5 மெகாபிக்சல் சிறிய கமராக்களைக் கொண்டே வேலை செய்தார். அது நீர்புகாக் கமரா அன்று. சாதாரண நுகர்வோர் கருவி. எந்தக் கருவியையும் வாங்கக்கூடிய நிலையில் இருந்தவர் அவர். சிறியதைத் தேர்ந்தெடுத்தமைக்கு வறுமை காரணமில்லை.

இனி, சிறிய கமராவின் உண்மையான குறைகளுக்கு வருகிறேன். சென்சரை விட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் எட்டம். டி.ஜி.-7 இன் லென்ஸ் பழைய பிலிம் கணக்கில் 25 முதல் 100 மில்லிமீற்றர் வரையானது. படுவான்கரையில் வயலுக்குள் இறங்கும் யானையை 100 மில்லிமீற்றரில் எடுக்கவேண்டுமானால் நிருபரின் மரண அறிவித்தலையும் சேர்த்தே தயாரிக்கவேண்டியிருக்கும். குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுவதைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து எடுப்பதற்கும் அது போதாது. வைகாசி மாதத்தில் இரவிரவாக நடக்கும் கண்ணகி அம்மன் சடங்குக்கும், விடியும்வரை ஆடும் தென்மோடிக் கூத்துக்கும் இந்தச் சிறிய கமராவுடன் போவது வீண் வேலை. அங்கே டி.எஸ்.எல்.ஆர். வேண்டும், ஒளியைக் குடிக்கும் லென்ஸ் வேண்டும். மின்கலமும் அப்படியே. ஒரு மின்னேற்றத்துக்கு டி.ஜி.-7 எடுப்பது சுமார் 330 படங்கள். வெள்ளம் வந்தால் முதலில் போவது மின்சாரம். ஆயினும் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு மின்சேமிப்புக் கருவியிலேயே இதற்கும் மின்னேற்றலாம் என்பது ஓர் ஆறுதல்.

எட்டம் இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. இதில் என்னுடன் உடன்படாத நண்பர்கள் பலர். தொலைநோக்கு லென்ஸைக் கொண்டு ஐம்பது யார் தூரத்தில் நின்றபடி அழுகின்ற ஒரு தாயின் முகத்தைப் பறித்துவர முடியும். அவளுக்குத் தெரியவே தெரியாது. இடைத்தங்கல் முகாம்களிலிருந்து அப்படி வந்த படங்கள் எனது மேசையில் குவிந்ததுண்டு. பலவற்றை நான் பாவிக்க மறுத்ததும் உண்டு. சிறிய கமராவை வைத்திருப்பவர் அந்தத் தாய்க்கு அருகே போகவேண்டும். போனால் கதைக்கவேண்டும். கதைத்தால் பெயர், ஊர், நடந்தது எல்லாம் தெரியவரும். "எடுக்கவேண்டாம் தம்பி" என்று அவள் சொல்லவும் இடமிருக்கும். அப்படி வந்த படங்களுக்குக் கீழே எழுதுவதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

பெரிய கமராவின் மரியாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டங்களில் அது முன்வரிசைக்கு அனுமதிச்சீட்டு என்பது மெய். அமைச்சர் வந்தால் பெரிய லென்ஸைத் தேடித்தான் திரும்புவார். ஆனால் இந்த நாட்டில், குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும், கழுத்தில் தொங்கிய கமரா ஒருவனைச் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்துவதற்குப் போதுமான காரணமாக இருந்த ஆண்டுகளையும் நாம் கடந்து வந்திருக்கிறோம். அந்தக் காலத்தில் தொழில் செய்தவர்களுக்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

கைத்தொலைபேசி இருக்கும்போது கமரா எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஐபோன்களில் 2020 இல் வந்த 12 ஆம் வரிசை முதற்கொண்டு 6 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆனால் அது பரிசோதனைக் கூடத்தில், அசையாத நன்னீரில் பெறப்பட்ட கணக்கு. தண்ணீர் புகுந்து பழுதடைந்தால் அதே நிறுவனத்தின் சாதாரண உத்தரவாதம் அதை ஏற்காது. ஈர விரல் பட்டால் தொடுதிரை சொன்னபடி கேட்பதுமில்லை. இவற்றைவிட முக்கியமானது, வெள்ளத்தில் நிற்கும் நிருபருக்குத் தொலைபேசி என்பது செய்தி அனுப்பும் வழி, வீட்டாருடன் பேசும் வழி, உதவி கோரும் வழி, இரவில் கைவிளக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மலையகத்தில் பல இடங்களில் தொலைத்தொடர்பே அற்றுப்போனது. அத்தகைய வேளையில் தொலைபேசியில் எஞ்சியிருக்கும் மின்னைப் படமெடுத்துத் தீர்ப்பது விவேகமாகாது. அதைப் பைக்குள் உலர்வாக வைத்துக்கொண்டு வேறொரு கருவியைத் தண்ணீருக்குள் அனுப்புவதே முறை.

தண்ணீருக்குள் அனுப்பவேண்டியது கருவியைத்தான். 15 மீற்றர் என்பது கமராவுக்குரிய அளவு. ஓடுகின்ற வெள்ளத்தில் மனிதனுக்கு முழங்காலளவே போதும் தள்ளிவிழுத்த. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை எம்மில் யார் மறப்போம்? பக்கத்தில் ஒரு படம் குறைந்தால் அந்த இடத்தில் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். வெள்ள நீரில் நின்றுவந்த பிறகு காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சல் என்ற நினைப்போடு வைத்தியரிடம் போவதும் நல்லது.

நீர்புகாக் கமரா என்றால் கவலையற்ற கமரா என்று நினைப்பதும் தவறு. மின்கல மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் அடைப்பில் ஒரு தலைமயிரோ ஒரு மணல் துணிக்கையோ இருந்தால் போதும், பதினைந்து மீற்றரும் பொய்யாகிவிடும். வாவி நீரிலோ கடல் நீரிலோ இறக்கினால் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவவேண்டும். ஈரக் கையுடன் மூடியைத் திறக்கக்கூடாது. அடைப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது உத்தமம். இவ்வளவும் செய்ய மனமில்லாதவர் எந்தக் கமராவையும் வாங்காமல் இருப்பதே மேல்.

டி.எஸ்.எல்.ஆர். ஐ பொலித்தீன் பையில் கட்டிவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எமது காலநிலையில் அது கமராவைக் காப்பதில்லை. உள்ளே அகப்பட்ட ஈரத்தில் லென்ஸுக்குப் பங்கசு பிடிக்கும். சிலந்தி வலைபோல் அது ஒருமுறை கண்ணாடியில் படர்ந்தால் துடைத்தெடுப்பது எளிதன்று. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல்லும் அதிக செலவில்லை.

விலையைப் பேசாமல் இந்த விடயம் முடியாது. அமெரிக்காவில் டி850 வெளிவந்தபோது ஏறத்தாழ 3300 டொலர், லென்ஸ் இல்லாமல். டி.ஜி.-7 வெளிவந்தபோது ஏறத்தாழ 550 டொலர். எமது நாட்டில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் சேர்க்காமலே, ஆறரை இலட்சத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய பெரிய கமரா பன்னிரண்டு இலட்சத்தை நெருங்கியது. 550 டொலர் பெறுமதியான எந்தப் பொருளும் ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சத்தை எட்டியது. பாவித்த டி.எஸ்.எல்.ஆர். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய நிறுவனங்கள் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கமராக்களுக்குப் போய்விட்டன. கெனன் 2020 இல் வெளியிட்ட 1டி எக்ஸ் மார்க் 3 தனது கடைசி உச்சரக டி.எஸ்.எல்.ஆர். என்று அந்நிறுவனத்தின் தலைவரே 2021 இறுதியில் சொல்லிவிட்டார். உலகம் கழித்துவிட்ட நல்ல பொருளை வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. சட்டர் எத்தனை ஆயிரம் தடவை இயங்கியிருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்கவேண்டும்.

ஆனால் அதை யார் வாங்குவது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எமது பிரதேச நிருபர்களிற் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு ஒரு தொகை, பிரசுரமான படத்துக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். கமரா அவருடையது, மோட்டார் சைக்கிள் அவருடையது, பெற்றோல் அவருடையது. நனைந்தால் நட்டமும் அவருடையது. படம் மட்டும் பத்திரிகையினுடையது. யானைக்கும் கூத்துக்கும் வேண்டிய டி.எஸ்.எல்.ஆர். ஐயும் லென்ஸையும் மாவட்டத்துக்கு ஒன்றாகப் பத்திரிகை நிறுவனமே வாங்கி, காப்புறுதி செய்து, நிருபர்கள் மாறி மாறிப் பாவிக்கக் கொடுக்கவேண்டும். ஓர் அரைப்பக்க வர்ண விளம்பரத்தின் வருமானம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆகையால் இயலாது என்று எவரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

சிறிய கமரா போதும் என்ற எனது வாதத்தை முதலாளிமார் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. 2013 மே மாதத்தில் சிக்காகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தனது 28 படப்பிடிப்பாளர்களையும் ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கிவிட்டு, செய்தியாளர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தது. கருவி சிறிதானால் அதைப் பிடிக்கும் மனிதரின் விலையும் சிறிது என்று கணக்குப் பார்த்தார்கள். மயோலியின் கையில் சிறிய கமரா இருந்தது என்று நான் எழுதியதைப் படிப்பவர்கள், அந்தக் கை எத்தனை ஆண்டுகள் பழகிய கை என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

படுவான்கரை நிருபருக்கு நான் சொன்னது இதுதான். தம்பி, உமது காசில் வாங்குவதானால் சிறியதை வாங்கும். கார்த்திகை தொடங்கித் தை வரை உமது பகுதியின் செய்தி தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அந்த மூன்று மாதத்தில் வேலை செய்யாத கமரா உமக்கு எதற்கு? யானை வந்தால் எழுத்தில் அனுப்பும். கூத்துக்கு நகரத்திலிருந்து யாராவது பெரிய கமராவுடன் வருவார்கள். உமது ஊர் வெள்ளத்துக்கு அவர்கள் முதல் மூன்று நாளும் வரமாட்டார்கள்.

மீதிக் காசில் மேலதிக மின்கலம் ஒன்றும் மிதவைப் பட்டி ஒன்றும் வாங்கச் சொன்னேன். இந்தக் கமராக்கள் தண்ணீர் புகாதவையே தவிர மிதப்பவை அல்ல. கைதவறினால் கல்லுப்போலக் கீழே போய்விடும். கலங்கிய வெள்ளத்தில் தேடி எடுக்கவும் முடியாது. பட்டி செம்மஞ்சள் நிறத்தில் இருந்தால் நல்லது, கறுப்பு வேண்டாம்.